கூழ்மமும் அணுவின் மெய்ம்மையும்

முன்னுரை

பொருள்கள் அனைத்தும் அணுக்களால் ஆனவை என்பது இன்று பள்ளிப் பாடம். எனினும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும், அணு மெய்யாக உள்ள பொருளா, கணக்கீட்டிற்கு உதவும் கற்பிதமா என்னும் வழக்கு தீரவில்லை. 1895இல் லூபெக் நகர் மாநாட்டில் வேதியியலறிஞர் வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்ட், ஆற்றலையே அறிவியலின் அடிப்படையாகக் கொள்ள வேண்டும் என வாதிட்டார். லுட்விக் போல்ட்ஸ்மன் அதனை மறுத்தார். இவ்வழக்கு கூழ்ம ஆய்வின்வழி முடிவுற்ற வரலாற்றை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

கூழ்மம் என்னும் கருத்து

தாமஸ் கிரகாம் 1861இல் வெளியிட்ட ஆய்வில், உப்பு, சர்க்கரை முதலியவற்றின் கரைசல்கள் சவ்வின் வழியே எளிதில் ஊடுருவுவதையும், பசை, பிசின் முதலியன அவ்வாறு ஊடுருவாமையையும் காட்டினார். பின்னவற்றிற்குப் பசையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினடியாக 'கொலாய்டு' எனப் பெயரிட்டார். தமிழில் வழங்கும் 'கூழ்மம்' என்னும் கலைச்சொல்லும் 'கூழ்' என்பதன் அடியாகப் பிறந்ததே. கிரகாம் இதனைப் பொருளின் ஒரு வகையாகக் கருதினார். பின்வந்தோர் இது பொருளின் ஒரு நிலை எனத் தெளிந்தனர். ஏறத்தாழ 1 முதல் 1000 நானோமீட்டர் வரை அளவுடைய துகள்கள் மற்றோர் ஊடகத்தில் பரவியிருப்பதே கூழ்மம். ஆதலின் பாலும் புகையும் மூடுபனியும் இதனுள் அடங்கும்.

ஓயா இயக்கம்

திண்மத்தில் அணுக்கள் தத்தம் இடத்தைச் சுற்றி அதிர்கின்றன. நீர்மத்தில் மூலக்கூறுகள் நெருங்கியிருந்தும் ஒன்றையொன்று கடந்து நகர்கின்றன. வளிமத்தில் தனித்து விரைகின்றன. இவ்வியக்கம் அக்காலத்தில் கண்ணுக்குப் புலப்படாதது. 1827இல் தாவரவியலறிஞர் இராபர்ட் பிரௌன், மகரந்த மணிகளினுள்ளிருந்து வெளிப்பட்ட நுண்துகள்கள் நீரில் ஓயாது அலைவதைக் கண்டார். மகரந்த மணியே அலைந்தது என்பது பரவலான பிழைக்கூற்று. உயிரற்ற கற்பொடியும் அவ்வாறே அலைந்தமையால், இவ்வியக்கத்திற்கு உயிர் காரணமன்று என அவர் தெளிந்தார்.

காரணத்தைக் கணக்கிட்டவர் ஐன்ஸ்டைன். நீர் மூலக்கூறுகளின் சமனற்ற மோதலால் துகள் அலைகிறது எனக் கொண்டு, அதன் சராசரி இடப்பெயர்ச்சி காலத்தின் வர்க்கமூலத்திற்கு நேர்விகிதத்தில் அமையும் என 1905இல் நிறுவினார். அதாவது, காலம் நான்கு மடங்கானால் இடப்பெயர்ச்சி இரு மடங்கே ஆகும்.

பெரினின் சான்று

பாரிசில் ஜான் பெரின் 1908 முதல் இதனைச் சோதித்தார். கார்சீனியா இன மரத்தின் மஞ்சள் பிசின் ஒரு கிலோகிராமைப் பல மாதங்கள் மையவிலக்கியில் சுழற்றிப் பிரித்து, ஒரே அளவுடைய மணிகளைச் சில டெசிகிராம் மட்டுமே பெற்றார். நீரில் பரவிய அம்மணிகளை நுண்ணோக்கியில் எண்ணியபோது, ஏறத்தாழ 30 மைக்ரான் உயரத்திற்கு ஒருமுறை அவற்றின் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தது. வளிமண்டலத்திலும் காற்று மேலே செல்லச் செல்ல இதே விதிப்படி அடர்வு குறைகிறது. ஆங்குப் பாதியாவதற்குச் சுமார் ஐந்தரைக் கிலோமீட்டர் வேண்டும். இவ்விரண்டையும் ஒப்பிட்டு, மணியின் எடையிலிருந்து மூலக்கூற்றின் எடையைக் கணித்தார். அவர் பெற்ற அவகாட்ரோ எண் ஏறத்தாழ 7×10²³. இன்றைய மதிப்பு 6.022×10²³. வெவ்வேறு முறைகள் நெருங்கிய எண்களையே தந்தமை சான்றின் வலிமையாயிற்று. 1909இல் ஆஸ்ட்வால்ட் தம் நூலின் முன்னுரையில் அணுக்கொள்கையை ஏற்றார். போல்ட்ஸ்மன் அதனைக் காணவில்லை, 1906இலேயே மறைந்துவிட்டார். பெரின் 1926இல் நோபல் பரிசு பெற்றார்.

முடிவுரை

மூலக்கூறுகளால் அலைக்கப்படும் அளவிற்குச் சிறிதாகவும், நுண்ணோக்கியில் காணும் அளவிற்குப் பெரிதாகவும் அமைந்தமையே கூழ்மத் துகளின் சிறப்பு. காணாததைக் கண்டதன்வழி எண்ண அது துணைநின்றது. 'கூழ்மம்' என்னும் சொல் அக்கருத்து பிறந்த இடத்தைக் காட்டுகிறதேயன்றி, அதன் இன்றைய பரப்பை அன்று. கலைச்சொல்லை அதன் வரலாற்றோடு பயிலுதல் வேண்டும் என்பதற்கு இஃதொரு சான்று எனலாம்.