எங்கள் தெருவுக்குக் கார் வந்த விதம்

எங்கள் தெருவில் 42 வீடுகள். 1960 வாக்கில் அவற்றில் ஒரே ஒரு வீட்டில்தான் கார் இருந்தது. போன வாரம் இரவு பத்து மணிக்கு வாசலில் நின்று எண்ணிப் பார்த்தேன். 31 கார்கள். தெருவின் அகலம் மட்டும் பிரெஞ்சுக்காரன் போட்டுவிட்டுப் போன அதே அகலம்.

என் தாத்தா காலத்தில் புதுச்சேரியில் வசதியுள்ளவர்கள் ஏறியது புஷ்புஷ் வண்டி. பிரெஞ்சில் 'பூஸ்' என்றால் தள்ளு. ஆள் பின்னாலிருந்து தள்ளுவான். முன் சக்கரத்தைத் திருப்பும் கம்பி உட்கார்ந்திருப்பவர் கையில் இருக்கும். வேறு ஊர்களில் ரிக்‌ஷாவை முன்னால் நின்று இழுத்தார்கள், இங்கே பின்னால் நின்று தள்ளினார்கள். தாத்தா வேடிக்கையாகச் சொல்வார்: "துரைக்கு வழி தெரியும், நமக்கு முதுகு தெரியும்." அதற்குப் பிறகு சைக்கிள் ரிக்‌ஷா வந்தது. என் அப்பா கடைசி வரை சைக்கிள்தான்.

அந்த ஒரே கார் ஒரு நொத்தேர் வீட்டுக் கார். கறுப்பு நிறப் பெழோ 203. 1954 நவம்பர் 1-இல் ஊர் இந்திய நிர்வாகத்துக்கு மாறிய பிறகு பிரெஞ்சு வண்டிகளுக்கு உதிரி பாகம் கிடைப்பது பெரும்பாடாகிவிட்டது. ஆனாலும் அவர் அதை விடவில்லை. தெருவில் யாருக்காவது நள்ளிரவில் பிரசவ வலி கண்டால் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். என் கடைசித் தங்கை பிறந்ததும் அப்படித்தான். அம்மாவை அந்த வண்டியில் ஏற்றிக்கொண்டு போனதை நானே பார்த்தேன். அவர் மறுத்ததாகவோ பெட்ரோலுக்குக் காசு கேட்டதாகவோ யாரும் சொன்னதில்லை. காரின் சாவி அவரிடம் இருந்தது, கார் தெருவுக்கே பொதுவாக இருந்தது.

எங்கள் பிரெஞ்சு ஆசிரியர் ஒருவர் வகுப்பில் சித்ரோவென் 2சீவே பற்றிச் சொல்வார். 1948-இல் பாரீஸ் கண்காட்சியில் காட்டிய சின்ன வண்டி அது. இரண்டு விவசாயிகளையும் 50 கிலோ உருளைக்கிழங்கையும் ஏற்றிக்கொண்டு, உழுத நிலத்தில் ஓடினாலும் கூடையில் இருக்கும் முட்டை உடையக் கூடாது என்பதுதான் செய்தவர்களுக்குப் போட்ட கட்டளை. அந்த நாட்டில் விவசாயிக்காகக் கார் செய்கிறார்கள் என்பது எங்களுக்கு நம்ப முடியாத செய்தி. 1960-லேயே பிரான்சில் பத்துக் குடும்பங்களில் மூன்றிடம் கார் இருந்தது.

நம் நாட்டில் அப்போது கார் என்றால் மூன்றே பெயர். கல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில் செய்த அம்பாசடர், பம்பாயில் செய்த பியட், சென்னைக்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்ட வண்டலூர் ஹெரால்டு. எத்தனை வண்டி செய்யலாம், என்ன விலைக்கு விற்கலாம் என்பதெல்லாம் தில்லியில் முடிவாகும். பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனால் ஒரு விசித்திரம் நடந்தது. கைக்கு வந்து ஓடிய பழைய பியட், கடை விலைப் புது பியட்டைவிட அதிக விலைக்குப் போகும். வாங்கியவர் லாபத்துக்கு விற்றுவிடக் கூடாதென்று, இத்தனை ஆண்டு விற்கவே கூடாது என்று அரசாங்கம் உத்தரவும் போட்டிருந்தது. ஸ்கூட்டருக்கும் இதே கதைதான். அந்நியச் செலாவணியில் பணம் கட்டினால் சீக்கிரம் கிடைக்கும் என்று ஓர் ஏற்பாடு இருந்தது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் நம் சொல்தா குடும்பங்களுக்கு அது வசதியாகப் போயிற்று. அவர்கள் வீட்டுத் திண்ணை ஓரத்தில் பஜாஜ் ஸ்கூட்டர் முளைத்ததை நாங்கள் பெருமூச்சோடு பார்த்தோம்.

நான் அரசு அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்த பிறகு பல ஆண்டுகள் வாகன முன்பண மனுக்கள் என் மேஜை வழியாகத்தான் போயின. காருக்கு முன்பணம் கேட்க அடிப்படைச் சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டியிருக்க வேண்டும். எங்களைப் போன்றவர்களுக்கு அது எட்டாது. எங்களுக்கு சைக்கிள் முன்பணம், பிற்பாடு மோட்டார் சைக்கிள் முன்பணம். கார் மனு வந்தால் அது யாருடையது என்று கையெழுத்தைப் பார்க்காமலே சொல்லிவிடலாம், அவ்வளவு குறைவு. 1980-இல் டிவிஎஸ் 50 வந்தபோதுதான் மனுக்கள் குவிந்தன. நானும் ஒன்று வாங்கினேன். மனைவி பின்னால், பையன் முன்னால், மளிகைப் பை ஹேண்டிலில்!

1983 டிசம்பர் 14-இல் தில்லியில் முதல் மாருதி 800-இன் சாவியை இந்திரா காந்தி கொடுத்தார். வாங்கியவர் இந்தியன் ஏர்லைன்ஸ் ஊழியர் ஹர்பால் சிங். பத்தாயிரம் ரூபாய் முன்பணம் கட்டி லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பதிவு செய்திருந்தார்கள். ஊரெல்லாம் இதை முதல் மாற்றம் என்கிறார்கள். என் கணக்கில் மாருதி வந்தபோது டாக்டர்களும் வியாபாரிகளும்தான் வாங்கினார்கள். எங்கள் தெருவில் 1990-இல் கூட மொத்தம் மூன்றே கார்கள். நிஜமான மாற்றம் 1998-க்குப் பிறகு வந்தது. இருங்காட்டுக்கோட்டையில் சாண்ட்ரோ, அடுத்து இண்டிகா, அதைவிட முக்கியமாக, வீடு தேடி வந்து கடன் கொடுத்த வங்கிகள். மாதத் தவணை என்ற சொல்தான் காரைக் கொண்டு வந்தது, எஞ்சின் அல்ல. என் பையன் 2003-இல் சாண்ட்ரோ வாங்கினான். தவணை எத்தனை என்று கேட்டேன், அது என் கடைசி மாதச் சம்பளத்தில் பாதி.

இதையெல்லாம் பார்த்து நாடே கார் வாங்கிவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நூறு குடும்பங்களுக்கு இரண்டரை குடும்பத்திடம்தான் கார், ஜீப் அல்லது வேன் இருந்தது. 2011-இல் அது 4.7. இருசக்கர வண்டி 21. சைக்கிள்தான் அப்போதும் முதலிடம், ஏறக்குறைய 45. அதாவது தெருவை அடைத்துக்கொண்டு நிற்பது சிறுபான்மை.

அந்தச் சிறுபான்மைக்காக நாங்கள் கொடுத்த இடம் பெரிது. தமிழர் பகுதி வீடுகளின் வாசலில் முதலில் தெருவோரத் தாழ்வாரம், அதற்குள் திண்ணை. வழிப்போக்கன் தாழ்வாரத்தில் மழைக்கு ஒதுங்குவான், வீட்டுப் பெரியவர்கள் திண்ணையில் சாய்ந்திருப்பார்கள். கார் வந்ததும் முதலில் இடிபட்டது திண்ணைதான். 'ஷெட்' வேண்டுமே! வைசியாள் தெருவில் அந்த முகப்புகளைப் பழையபடி எடுத்துக் கட்டியதற்கு 2008-இல் யுனெஸ்கோ விருது கிடைத்தது. எங்கள் தெருவில் திண்ணையோடு மிஞ்சியது நான்கு வீடுகள், அதில் ஒன்று என்னுடையது. பையன் இரண்டு முறை கேட்டான், இரண்டு முறையும் முடியாது என்றேன். அதனால் அவன் கார் தெருவில்தான் நிற்கிறது, அதையும் மேலே சொன்ன 31-இல் சேர்த்துத்தான் எண்ணினேன்.

போன ஐப்பசி மழையில் எதிர் வீட்டுப் பெரியவருக்கு இரவு ஒரு மணிக்கு மூச்சுத் திணறல். ஆம்புலன்ஸ் பன்னிரண்டு நிமிடத்தில் முனைக்கு வந்துவிட்டது. உள்ளே வர முடியவில்லை. இரு பக்கமும் கார். நாலு பேர் அவரை நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு, ஒருக்களித்து, கண்ணாடிகளில் இடித்துக்கொண்டு முனைவரை போனோம். மூன்று கார்கள் அலாரம் அடித்தன. உள்ளே விளக்கு எரிந்தது, யாரும் இறங்கி வரவில்லை. பெரியவர் பிழைத்துக்கொண்டார். இப்போது இரவில் ஒரு பக்கம் மட்டும்தான் நிறுத்த வேண்டும் என்று தெருவில் பேசி வருகிறோம். 42 வீட்டில் 26 வீடு கையெழுத்துப் போட்டிருக்கிறது. மீதிப் பதினாறு வீட்டுக்கு வரும் ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.