ஒரே பயணத்தில் இரண்டு சூரிய உதயம்



தரம் 8 பிள்ளைகளுக்குத் தூரம், வேகம், நேரம் படிப்பித்துக்கொண்டிருந்தபோது ஒரு மகன் கேட்டார்: "சேர், இங்கிருந்து அவுஸ்திரேலியாவுக்குப் பறக்க எவ்வளவு நேரம் எடுக்கும்?" "எந்தக் காலத்தில் என்று சொல்லுங்கள்" என்றேன். வகுப்பே சிரித்தது. ஆனால் நான் பகிடிக்குச் சொல்லவில்லை.

காலிக்குப் பக்கத்தில் உள்ள கொக்கல வாவியிலிருந்து அவுஸ்திரேலியாவின் பேர்த் நகருக்கு நேர்கோட்டில் சுமார் 5,650 கிலோமீட்டர். இன்றைய ஜெட் விமானம் மணிக்கு 850 கிலோமீட்டர் போனால் ஏழு மணித்தியாலம்கூட ஆகாது. ஆனால் 1943இல் இதே தூரத்துக்கு 27 முதல் 32 மணித்தியாலம் வரை, சில வேளை அதற்கும் மேல், எடுத்தது. இடையில் எங்கும் இறங்காமல்!

காரணம் யுத்தம். 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் யப்பானிடம் வீழ்ந்தது. அவுஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையிலான விமானப் பாதை அறுந்தது. மீதமிருந்தது இந்து சமுத்திரம் மட்டும்தான். அதன் இக்கரையில் கொக்கல, அக்கரையில் பேர்த்தின் சுவான் ஆறு.

1943 நடுப்பகுதியில் குவாண்டாஸ் நிறுவனம் கட்டலினா என்ற நீர்விமானங்களை இந்தப் பாதையில் விட்டது. அவற்றின் வேகம் மணிக்குச் சுமார் 200 கிலோமீட்டர். வகுத்துப் பாருங்கள், 28 மணித்தியாலம் வரும். எதிர்க்காற்று வீசினால் இன்னும் கூடும். பாரமெல்லாம் எரிபொருள்தான். அதனால் பயணிகள் மூன்று பேருக்கு மேல் ஏற முடியாது. மிச்சம் கொஞ்சம் தபால்.

யப்பானிய விமானங்கள் நடமாடிய பகுதியை இருட்டில் கடக்கும்படி நேரம் குறித்தார்கள். வானொலி மௌனம். நட்சத்திரங்களைப் பார்த்தே வழி கண்டார்கள். ஒரே பயணத்தில் சூரியன் இரண்டு தரம் உதிப்பதைப் பார்த்ததால் "இரட்டைச் சூரிய உதயம்" என்று இந்தச் சேவைக்குப் பெயர் வந்தது. நம் கணக்கில் சொன்னால், ஒரு பயணம், இரண்டு சுபஹ். 1945 ஜூலை வரை 271 தடவை கடந்தார்கள்.

இன்று சிங்கப்பூர் - நியூயோர்க் விமானம் 15,300 கிலோமீட்டரை 19 மணித்தியாலத்துக்குள் கடக்கிறது. தூரம் ஏறத்தாழ மூன்று மடங்கு, நேரமோ குறைவு. தூரம் மாறாது. நேரத்தைத்தான் இயந்திரமும் காற்றும் அரசியலும் தீர்மானிக்கின்றன.

இந்தக் கதையில் விமானிகளின் துணிச்சலைப் பலர் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அந்த விமானத்தளத்துக்காகக் கொக்கல கிராம மக்கள் தங்கள் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டதை எத்தனை பேர் பேசுகிறோம்? வீடுகள் இடிக்கப்பட்டன. எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த வீடு தப்பியது. இன்று அது நூதனசாலை. அந்தப் பக்கம் சுற்றுலா போகும் பாடசாலைகள் பிள்ளைகளுக்கு அந்த வீட்டையும் வாவியையும் சேர்த்துக் காட்டுங்கள். உலகத்தின் தூரத்தைக் குறைக்கத் தம் மண்ணைவிட்டுத் தூரமாய்ப் போனவர்களும் இந்த வரலாற்றில் இருக்கிறார்கள்.

காலி, வெலிகம, மாத்தறைப் பக்கம் உள்ளவர்களே, உங்கள் வீட்டு மூத்தவர்கள் அந்த நாட்களைப் பற்றிச் சொன்னது ஏதும் நினைவிருந்தால் கீழே எழுதுங்கள். அவர்களோடு அதுவும் போய்விடக்கூடாது.