ஆயரின் குரலும் பட்டாவும்: இடுக்கியின் 2014 தீர்ப்பு குறித்து

2014 மே 16 அன்று இடுக்கி மக்களவைத் தொகுதியில் வாக்குகள் எண்ணப்பட்டபோது, இடது ஜனநாயக முன்னணியின் ஆதரவு பெற்ற சுயேச்சை வேட்பாளர் ஜாய்ஸ் ஜார்ஜ் 50,542 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். 2009இல் இதே தொகுதியை காங்கிரஸின் பி.டி. தாமஸ் 74,796 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றிருந்தார். மார்க்சிஸ்ட் கட்சியும் இடுக்கி கத்தோலிக்க மறைமாவட்டமும் ஒரே வேட்பாளருக்குத் தோள் கொடுத்ததுதான் பலரையும் திகைக்க வைத்தது. 1959இல் இ.எம்.எஸ். தலைமையிலான கம்யூனிஸ்ட் அமைச்சரவைக்கு எதிரான விமோசன சமரத்தில் முன்வரிசையில் நின்றது கத்தோலிக்க சபை. அந்தப் பகை அரை நூற்றாண்டுக்கு மேல் கேரள அரசியலின் மாறாத கணக்குகளில் ஒன்றாக இருந்தது.

ஆயர் சொன்னார், விசுவாசிகள் வாக்களித்தார்கள் என்பதே இந்த முடிவுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். அது போதாது. எதிர்த்து நின்ற காங்கிரஸின் டீன் குரியாகோஸும் கிறிஸ்தவரே. 2019இல் அதே இருவர் மீண்டும் மோதியபோது டீன் குரியாகோஸ் 1,71,053 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். இடையில் கழிந்தவை ஐந்தே ஆண்டுகள். பங்குகளும் கோயில்களும் இருந்த இடத்தில்தான் இருந்தன. மாறியது நிலத்தைப் பற்றிய பயத்தின் அளவு.

மேற்குத் தொடர்ச்சி மலை குறித்த மாதவ் காட்கில் குழு 2011 ஆகஸ்ட்டில் அறிக்கை தந்தது. அதை மறுஆய்வு செய்த கஸ்தூரிரங்கன் குழுவின் அறிக்கை 2013 ஏப்ரலில் வந்தது. அதன் அடிப்படையில் அந்த ஆண்டு நவம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் பிறப்பித்த உத்தரவு கேரளத்தில் 123 கிராமங்களைச் சூழல் உணர்திறன் பகுதிக்குள் கொண்டுவந்தது. மாவட்டங்களில் அதிகக் கிராமங்கள் இடுக்கியில்தான். குவாரி, சுரங்கம், அனல்மின் நிலையம், பெருங்கட்டடங்கள் ஆகியவற்றைத் தடுத்த அந்த உத்தரவு விவசாயத்தைத் தடுக்கவில்லை. ஆனால் தலைமுறைகளாகப் பட்டாவுக்குக் காத்திருந்த குடியேற்ற விவசாயிக்கு அது வெளியேற்ற அறிவிப்பாகவே கேட்டது. ஹைரேஞ்ச் சம்ரக்ஷண சமிதி அந்தப் பயத்துக்கு அமைப்பு வடிவம் தந்தது. அதன் சட்ட ஆலோசகராக இருந்தவர்தான் ஜாய்ஸ் ஜார்ஜ். ஆயர் மார் மாத்யூ ஆனிக்குழிக்காட்டில் அந்தப் பயத்துக்குத் தம் குரலைக் கொடுத்தார். பயம் விவசாயியுடையது, ஒலிபெருக்கி மட்டுமே சபையுடையது.

விசுவாசிகளும் ஒரே மனதாக இல்லை. காட்கில் அறிக்கையை வெளிப்படையாக ஆதரித்த பி.டி. தாமஸுக்கு எதிராக, பாதிரியார்களும் கலந்துகொண்ட ஒரு போலிச் சவ ஊர்வலம் இடுக்கியில் நடந்தது. காங்கிரஸ் அவருக்கு மீண்டும் சீட்டு தரவில்லை. அவர் தம் நிலைப்பாட்டை விடவுமில்லை. திருக்காக்கரையில் 2016இலும் 2021இலும் சட்டமன்றத்துக்கு வென்றார். 2021 டிசம்பரில் மறைந்தபோது, அவர் விருப்பப்படியே மதச்சடங்கு இல்லாமல் இறுதி நிகழ்ச்சி நடந்தது. பின்னர் அவருடைய சாம்பலின் ஒரு பகுதி உப்புத்தோடு தேவாலயக் கல்லறையில், அவருடைய தாயாரின் கல்லறையில் வைக்கப்பட்டது. எந்த மறைமாவட்டத்தின் எல்லைக்குள் அவருக்குப் போலிச் சவ ஊர்வலம் நடந்ததோ, அதே மறைமாவட்டத்தின் மண் அது. இந்த ஒரு வாழ்க்கையை வைத்தே சொல்லலாம், ‘சபையின் வாக்கு’ என்று ஒன்றைத் தனியே பிரித்தெடுப்பது எவ்வளவு கடினம் என்று.

தமிழ் வாசகர்கள் இங்கே இன்னொரு கேள்வியைக் கேட்க வேண்டும். தேவிகுளம், பீர்மேடு தோட்டங்களின் லயங்களில் வாழும் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு இந்தப் பட்டா அரசியலில் என்ன இருந்தது? 1954-55இல் பட்டம் தாணுப்பிள்ளை அரசு, தேவிகுளமும் பீர்மேடும் தமிழகத்தோடு சேர வேண்டும் என்ற போராட்டம் நடந்த நேரத்தில், மலையாளக் குடியேற்றத் திட்டத்தை இந்த மலைகளில் தொடங்கியது. அவ்வாறு குடியேறியவர்கள் நிலத்துக்குப் பட்டா கேட்டார்கள். தோட்டத் தொழிலாளிக்கோ பட்டா கேட்க நிலமே இல்லை. இருவரும் ஞாயிறுதோறும் ஒரே வேதத்தை வாசிக்கலாம். ஆனால் 2013இன் உத்தரவை இருவரும் ஒரே கண்ணால் பார்த்திருக்க முடியாது. 2015 செப்டம்பரில் மூணாற்றில் பெண் தொழிலாளர்கள் ‘பெண்பிள்ளை ஒருமை’யாகத் திரண்டபோது அவர்கள் கேட்டது 20 சதவீத போனஸ், கூலி உயர்வு. தொழிற்சங்கத் தலைவர்களையே அவர்கள் அருகில் சேர்க்கவில்லை. மதத்தின் பெயரை யாரும் எடுக்கவுமில்லை. 2020 ஆகஸ்ட்டில் பெட்டிமுடி நிலச்சரிவு லயங்களோடு எழுபது உயிர்களை வாரிக்கொண்டு போனது. மலையைக் காப்பதா, மனிதரைக் காப்பதா என்று 2014இல் மேடைதோறும் எழுப்பப்பட்ட கேள்வியில் இந்த லயங்கள் இடம்பெறவே இல்லை.

தேவிகுளத்தில் ‘மத வாக்காளர்’ என்ற வகைப்பாடே நீதிமன்றத்தில் சிக்கியது. 2021இல் அந்தத் தனித்தொகுதியில் 7,848 வாக்குகள் வித்தியாசத்தில் வென்ற மார்க்சிஸ்ட் கட்சியின் ஏ. ராஜாவின் தேர்வை, அவர் கிறிஸ்தவர், எனவே பட்டியல் சாதியினருக்கான இடத்தில் நிற்கத் தகுதியற்றவர் என்ற வாதத்தை ஏற்று 2023 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளிவிட்டு அவருடைய தேர்வை உறுதிசெய்தது. தோட்டத் தமிழர் வீடுகளில் தேவாலயமும் குலதெய்வமும் பகை இல்லாமல் அருகருகே இருப்பதை அறிந்தவர்களுக்கு இந்த வழக்கு ஏன் எழுந்தது என்பது புரியும்.

பாலக்காட்டின் நிலவரமும் இதற்குத் துணை நிற்கிறது. கல்பாத்தித் தேர்த்திருவிழாவை முன்னிட்டே 2024 சட்டமன்ற இடைத்தேர்தலின் வாக்குப்பதிவு நவம்பர் 13இலிருந்து 20ஆம் தேதிக்கு மாற்றப்பட்டது. வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள், பா.ஜ.க.விலிருந்து காங்கிரஸுக்கு வந்த சந்தீப் வாரியரைக் குறிவைத்து, முஸ்லிம் வாசகர்கள் படிக்கும் ‘சிராஜ்’, ‘சுப்ரபாதம்’ நாளிதழ்களில் இடது முன்னணியின் விளம்பரம் வந்தது. மதத்தைத் தொட்டால் வாக்கு அசையும் என்ற நம்பிக்கையே அதன் அடிப்படை. முடிவில் காங்கிரஸ் 18,840 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றது, இடது முன்னணி மூன்றாம் இடத்தில் நின்றது. நகராட்சியை ஆண்டுகொண்டிருந்த பா.ஜ.க.வின் வாக்கும் 2021இல் பெற்ற 50,220இலிருந்து 39,549ஆகக் குறைந்தது. இந்து வாக்கையோ முஸ்லிம் வாக்கையோ மொத்தமாகக் கணக்கிட்ட இரு தரப்பினரின் கணக்கும் பொய்த்தது.

வெளியுலகிலும் இதே பாடம் உண்டு. 2016 அமெரிக்க அதிபர் தேர்தலில் வெள்ளைக் கத்தோலிக்கரில் பெரும்பான்மையினர் டிரம்பையும், லத்தீன் அமெரிக்க வழிவந்த கத்தோலிக்கரில் பெரும்பான்மையினர் ஹிலாரி கிளிண்டனையும் தேர்ந்தார்கள் என்று வாக்குச்சாவடிக் கணிப்புகள் காட்டின. திருத்தந்தை ஒருவரே, குடியேற்றம் பற்றிய அனுபவம் வேறு.

எனவே எல்லை மலைகளின் தேர்தலை ஆராய்பவர்கள் ஆயரின் சுற்றறிக்கையோடு நின்றுவிடக் கூடாது. வருவாய்த் துறையின் பட்டாப் பதிவுகள், தோட்டங்களின் கூலி ஒப்பந்தங்கள், வாக்குச்சாவடிவாரி முடிவுகள் ஆகியவற்றை ஒரே மேசையில் விரித்துப் படிக்க வேண்டும். மலையாள ஆய்வுகள் குடியேற்ற விவசாயியைப் பற்றி நிறையவே பேசியிருக்கின்றன. லயத்துத் தமிழ் வாக்காளரைப் பற்றிய பணி தமிழ் ஆய்வாளர்களுக்காகக் காத்திருக்கிறது, அதை அவர்கள் இனியும் தள்ளிப்போடக் கூடாது.