துடுப்பு யார் கையில்? வில்லியனூர் தேர் வடம் முதல் டிராகன் படகு வரை

இந்த வாரம் ஒரு கேள்வியில இருந்து ஆரம்பிக்கலாம். வில்லியனூர் பக்கத்துல இருக்கிற ஒரு லிசனர் அனுப்பினது. "டிராகன் படகு ரேஸ் வீடியோ பார்த்தேன். முன்னாடி ஒருத்தர் டிரம் அடிக்க, இருபது பேர் ஒரே நேரத்துல துடுப்பு போடறாங்க. நம்ம பக்கம் அப்படி ஒரு கிளப்ல சேரணும்னா என்ன பண்றது? ஊசுடு ஏரி இருக்கு, பாகூர் ஏரி இருக்கு, தண்ணிக்கா பஞ்சம்?"

இதுக்கு நேரடியா ஒரு பதில் இருக்கு, கடைசியில சொல்றேன். ஆனா அந்தக் கேள்வியில 'சேரணும்'னு ஒரு வார்த்தை இருக்கு பாருங்க, அது என்னை விடவே இல்லை. பலர் சேர்ந்து வலிக்கிற ஒரு படகுல யாருக்கு இடம்? அதை யார் முடிவு பண்றாங்க? இன்னைக்கு எபிசோட் முழுக்க இந்த ஒரு கேள்விதான்.

ஊர்ப் படகு

முதல்ல டிராகன் படகு. ஸ்டாண்டர்ட் படகுல துடுப்புக்காரங்க 20 பேர், ரெண்டு ரெண்டு பேரா ஒட்டி உட்காருவாங்க. முன்னாடி டிரம், பின்னாடி திசை திருப்ப ஒருத்தர். இங்க பலசாலி ஒருத்தர் இருந்து மட்டும் பிரயோஜனம் இல்லை. முன்வரிசை ஜோடி எந்தத் தாளத்துல துடுப்பை இறக்குறாங்களோ, அதே நொடியில பின்னாடி இருக்கிற எல்லாரும் இறக்கணும். ஒருத்தர் அரை நொடி முந்தினாலும் அவர் துடுப்பு அடுத்தவர் துடுப்புல இடிக்கும், படகு தடுமாறும்.

இதோட பிறப்பிடம் சீனா. சூ நாட்டு அமைச்சரும் கவிஞருமான சூ யுவான், நாடு வீழ்ந்த துயரத்துல மீலுவோ ஆத்துல குதிச்சு உயிரை விட்டார்னு மரபு சொல்லுது. கி.மு. 278-ஐ அதுக்கான வருஷமா சொல்வாங்க. அவரைக் காப்பாத்த ஊர் மக்கள் படகை எடுத்துக்கிட்டு ஓடினதோட நினைவாத்தான் ஐந்தாம் மாசம் ஐந்தாம் நாள் பந்தயம் நடக்குதுன்னு கதை. 2009-ல யுனெஸ்கோ இந்தத் திருவிழாவை மனிதகுலத்தோட மரபுப் பட்டியல்ல சேர்த்துச்சு.

ஆனா அந்தப் பழைய படகுல யார் வேணும்னாலும் ஏறிட முடியாது. அது ஒரு கிராமத்தோட படகு, ஒரு குலத்தோட படகு. அந்த ஊர்ல பிறந்த ஆம்பளைக்குத்தான் துடுப்பு. பல ஊர்கள்ல பெண்கள் படகைத் தொடக்கூட விடமாட்டாங்க.

இதே கதையை நமக்குப் பக்கத்துலயே பார்க்கலாம். ஆலப்புழை சுண்டன் வள்ளம் தெரியும்ல? நூறு அடிக்கு மேல நீளம், நூறு பேருக்கு மேல ஏறுற படகு. 1952-ல நேரு வந்தப்போ அவருக்காக ஒரு பந்தயம் நடத்தினாங்க. அவர் உற்சாகத்துல ஜெயிச்ச படகுலயே ஏறிட்டார். டெல்லி போனதும் ஒரு வெள்ளிக் கோப்பை அனுப்பி வெச்சார். அதுதான் இன்னைக்கு புன்னமடை ஏரியில நடக்கிற நேரு கோப்பை. அந்தப் படகுகள் பெரும்பாலும் ஊருக்குச் சொந்தம். ஊர்க்காரங்க பங்கு போட்டு வாங்கிப் பராமரிக்கிறாங்க. ஆனா ரேஸ்ல துடுப்பு போடறது பல நேரம் ஒரு போட் கிளப். ஊர்ப் படகுல கிளப் ஆட்கள். பிறப்பால வர்ற இடத்துக்குப் பக்கத்துலயே, பயிற்சியால வர்ற இடமும் வந்துடுச்சு. பெண்கள் அணிகளும் நேரு கோப்பை மேடைக்கு வந்துட்டாங்க.

ஆனா கொஞ்ச தூரத்துல இருக்கிற ஆறன்முளையில கதை வேற. அங்க பள்ளியோடம் கோயிலோடது. ஏறுறவங்க விரதம் இருந்து ஏறணும், பெண்கள் ஏறக்கூடாதுங்கிறது மரபு. 2021-ல போட்டோ எடுக்கிறதுக்காக ஏறின ஒரு பெண் மேல வழக்கே பதிவாச்சு. ரெண்டுமே நீளமான மரப்படகுதான். ஒண்ணுல ஏறுற பெண்ணுக்குப் பரிசு, இன்னொண்ணுல ஏறுற பெண்ணுக்கு வழக்கு.

வேலையா இருந்த துடுப்பு

சரி, புதுச்சேரிக்கு வருவோம். "நமக்குத் துடுப்புப் பாரம்பரியம் ஏது?"ன்னு கேக்கலாம். இருக்கு. மறந்துட்டோம், அவ்வளவுதான்.

பிரெஞ்சுக்காரங்க காலத்துல புதுச்சேரிக்கு வந்த கப்பல் கரைக்கு வர முடியாது. அலை அடிக்கிற கரை, இயற்கைத் துறைமுகம் இல்லை. கப்பல் தூரத்துல நங்கூரம் போட்டு நிக்கும். அங்கிருந்து துணி மூட்டை, ஒயின் பீப்பாய், கவர்னர் துரை எல்லாத்தையும் கரை சேர்த்தது சலங்கு. மெட்ராஸ்ல இதையே மசூலா படகுன்னு சொல்வாங்க. பலகையை ஆணி அடிச்சு இணைக்காம, தென்னங்கயித்தால தைச்ச படகு. ஆணி அடிச்ச படகு அலையில மோதினா உடையும், தைச்ச படகு வளைஞ்சு கொடுக்கும். சுமார் பத்துப் பேர் வலிப்பாங்க, பின்னாடி தண்டல் நின்னு திசை பார்ப்பார். தாளம் தப்பாம இருக்கப் பாட்டு. ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பைப் புரட்டினா சலங்குகள் வந்துபோறதைப் பார்க்கலாம்.

பத்துப் பேர், ஒரு தாளம், பின்னாடி ஒரு திசைகாட்டி. டிராகன் படகுக்கும் இதுக்கும் என்ன பெரிய வித்தியாசம்? ஒண்ணே ஒண்ணு. இங்க துடுப்பு வலிச்சவர் ஒருத்தர், பயணம் போனவர் இன்னொருத்தர். உயிரைப் பணயம் வெச்சு அலையைத் தாண்டினது கடலோரக் குப்பத்து மனுஷங்க. அந்த இடத்துக்கு யாரும் போட்டி போடலை. 'எனக்கும் ஒரு துடுப்பு கொடுங்க'ன்னு எந்த துரையும் கேட்டதா தெரியலை.

அதே துடுப்பு பொழுதுபோக்கா மாறினப்போ என்ன ஆச்சுன்னு பாருங்க. 1867-ல மெட்ராஸ்ல, அடையாறு ஆத்தங்கரையில, மெட்ராஸ் போட் கிளப் தொடங்குச்சு. 1898-லேர்ந்து கொழும்பு கிளப்போட பந்தயம். நல்ல பாரம்பரியம், இன்னைக்கும் நடக்குது. ஆனா நெடுங்காலம் அது ஐரோப்பியருக்கு மட்டுமான கிளப். அதே ஊர்க் கடல்ல மசூலா வலிச்ச தமிழனுக்கு, அடையாத்துல துடுப்பு பிடிக்க இடம் இல்லை.

துடுப்பு உழைப்பா இருந்தவரைக்கும் கதவே கிடையாது, யார் வேணா வரலாம். அது கௌரவமா மாறின அன்னைக்குத்தான் கதவு முளைச்சது, பூட்டும் வந்துச்சு.

வில்லியனூர் வடம்

இப்போ நம்ம லிசனரோட ஊருக்கே போகலாம். வில்லியனூர் திருக்காமீஸ்வரர் கோயில் தேர். படகுக்கும் தேருக்கும் என்னய்யா சம்பந்தம்னு கேக்கறீங்களா? தேரும் ஒரு டீம் ஸ்போர்ட்தான். தாளத்துக்கு மேளம் இருக்கு, எல்லாரும் ஒரே நேரத்துல இழுக்க வடம் இருக்கு, திசை திருப்ப முட்டுக்கட்டை போடறவர் இருக்கார். 'முட்டுக்கட்டை போடாதே'ன்னா தடுக்காதேன்னு இப்போ அர்த்தம் பண்ணிக்கிறோம். நிஜத்துல தேரைத் திருப்புற ஸ்டியரிங்கே அதுதான்!

இந்தத் தேருக்கு ஒரு தனி வழக்கம் உண்டு. பிரெஞ்சு ஆட்சிக் காலத்துல இருந்தே, ஆளுற கவர்னர் வந்து வடம் பிடிச்சு இழுத்துத் தொடங்கி வைக்கணும். பிரெஞ்சுக்காரங்க போனாங்க, புதுச்சேரி இந்தியாவோட இணைஞ்சுது, ஆனா வழக்கம் நிக்கலை. இப்போ துணைநிலை ஆளுநர் வந்து வடம் பிடிக்கிறார். மதத்தால, மொழியால, நிறத்தால வேற ஆன ஒரு பிரெஞ்சு கவர்னருக்குக்கூட அந்த வடத்துல இடம் இருந்துச்சு.

அழகான விஷயம். ஆனா இதை இங்கேயே நிறுத்தினா பாதி வரலாறுதான் சொன்னதா ஆகும். சிவகங்கை மாவட்டம் கண்டதேவியை நினைச்சுப் பாருங்க. எங்களுக்கும் வடம் பிடிக்க உரிமை வேணும்னு 1998-ல தலித் மக்கள் கேட்டாங்க. அதுக்கப்புறம் வழக்கு, தடை, போலீஸ். பல வருஷம் தேரே ஓடலை. 2024 ஜூன்லதான், நீதிமன்றத் தலையீட்டுக்குப் பிறகு, பலத்த போலீஸ் பாதுகாப்போட திரும்ப ஓடுச்சு. கடல் தாண்டி வந்த கவர்னர் கைக்குச் சுலபமா எட்டின ஒரு கயிறு, அடுத்த தெருவுல பிறந்தவர் கைக்கு எட்ட எத்தனை வருஷம் ஆகுது பாருங்க.

பாகூர்ப் பக்கமும் இதையே வேற விதமா யோசிக்கலாம். பாகூர் மூலநாதர் கோயில் கல்வெட்டுகள்ல ஏரிப் பராமரிப்பு பத்தின பேச்சு சோழர் காலத்துல இருந்தே இருக்கு. ஆயிரம் வருஷமா அந்த ஏரியைக் காப்பாத்தினது கூட்டு உழைப்பு. ஏரியில தூர் வாரும்போது 'நீ இந்த மண்ணைத் தொடாதே'ன்னு யாரும் யாரையும் தடுக்கிறதில்லை. மரியாதை வர்ற இடத்துலதான் தடுப்பு வரும்.

24 பெண்கள்

அப்போ கிளப்னாலே பூட்டின கதவுதானா? இல்லை. கதவைத் திறந்த கிளப்பும் இருக்கு. டிராகன் படகுக் கதையோட திருப்பமே அங்கதான்.

1976-ல ஹாங்காங் இதை ஒரு சர்வதேசப் பந்தயமா நடத்த ஆரம்பிச்சுது. அதுக்கப்புறம் குலம், கிராமம் எல்லாம் பின்னாடி போயி அலுவலகம், காலேஜ், தெரு நண்பர்கள்னு அணிகள் உருவாச்சு. 1991-ல சர்வதேசக் கூட்டமைப்பு. 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில பதக்க விளையாட்டு.

இந்த நடுவுல, 1996-ல கனடாவோட வான்கூவர் நகரத்துல ஒரு விஷயம் நடந்துச்சு. மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் பண்ணின பெண்கள் கையை வேகமா, திரும்பத் திரும்ப அசைக்கக் கூடாது, பளு தூக்கக் கூடாதுங்கிறது அப்போ டாக்டர்கள் மத்தியில இருந்த நம்பிக்கை. அசைச்சா கையில நிணநீர் தேங்கி நிரந்தரமா வீங்கிடும்னு பயம். டான் மெக்கென்சிங்கிற விளையாட்டு மருத்துவர் இதைச் சோதிச்சுப் பார்க்க நினைச்சார். அப்படி சிகிச்சை எடுத்த 24 பெண்களை டிராகன் படகுல உட்கார வெச்சுப் பயிற்சி கொடுத்தார். யாருக்கும் புதுசா வீக்கம் வரலை. இன்னைக்கு உலகம் முழுக்க அந்த மாதிரி அணிகள் இருக்கு.

தனியா ஓடுற விளையாட்டுல இது நடந்திருக்குமான்னு தெரியலை. இந்தப் படகுல நீங்க மெதுவா இருந்தா தாளம் உங்களுக்காக மெதுவாகும். உங்க பலம் குறையிற அன்னைக்குப் பக்கத்துல இருக்கிறவர் பலம் படகை நகர்த்தும். ஒருகாலத்துல பெண் தொட்டாலே ஆகாதுன்னு சொன்ன படகு, 'உங்க உடம்பால முடியாது'ன்னு சொல்லப்பட்ட பெண்களைக் கரை சேர்த்துச்சு.

அப்போ, எங்க சேர்றது?

இப்போ லிசனருக்குப் பதில். இந்தியாவுல டிராகன் படகு, கயாக்கிங் கனோயிங் சங்கத்தோட குடைக்குக் கீழ வருது. அதனால முதல் விசாரணையை அங்கேயும், மாநில விளையாட்டுத் துறையிலயும் வைங்க. அடுத்து தண்ணி. ஊசுடு ஏரியும் பாகூர் ஏரியும் வடகிழக்குப் பருவமழையை நம்பி இருக்கிற பாசன ஏரிகள். கார்த்திகை, மார்கழியில தளும்பும், கோடையில இறங்கிடும். ஊசுடு 2008-லேர்ந்து பறவைகள் சரணாலயம். தண்ணி நிறையிற அதே பருவத்துலதான் வலசைப் பறவைகளும் வரும், அங்க போயி டிரம் அடிக்கிறது நியாயம் இல்லை. வருஷம் முழுக்கப் பயிற்சி பண்ண சுண்ணாம்பாறு மாதிரி ஆத்து முகத்துவாரம் பொருத்தமா இருக்கும்.

இன்னொண்ணு, இதை மட்டும் விளையாட்டா எடுத்துக்காதீங்க. 2007 நவம்பர்ல கம்போடியாவுல சிங்கப்பூர் தேசிய அணியோட படகு கவிழ்ந்து 5 வீரர்கள் இறந்தாங்க. பயிற்சி பெற்ற வீரர்கள். உயிர்க்கவச உடை போட்டிருக்கலை. அதனால நீச்சல் முதல்ல, உயிர்க்கவசம் எப்பவும், துடுப்பு மூணாவது.

கிளப் இல்லைன்னா? 20 பேரைச் சேர்த்து நீங்களே தொடங்கலாம். சின்னப் படகுன்னா 10 பேர் போதும். 1880-ல பிரெஞ்சுக்காரங்க இந்தப் பகுதியைப் பிரிச்சப்போ வில்லியனூருக்கும் பாகூருக்கும் 'கொம்யூன்'னு பேர் வெச்சாங்க. இன்னைக்கும் கொம்யூன் பஞ்சாயத்துன்னுதான் சொல்றோம். அந்த வார்த்தைக்குள்ள இருக்கிற அர்த்தம், 'பொது'.

அதனால ஒரே ஒரு வேண்டுகோள். படகு வாங்குறதுக்கு முன்னாடி, ஜெர்சிக்குக் கலர் முடிவு பண்றதுக்கு முன்னாடி, அந்த 20 பேர் எந்தெந்தத் தெருவுல இருந்து வர்றாங்கன்னு ஒரு தடவை எண்ணிப் பாருங்க. எல்லாரும் ஒரே தெருன்னா, நீங்க கிளப் தொடங்கலை. பழைய ஊர்ப் படகுக்குப் புதுசா பெயின்ட் அடிச்சிருக்கீங்க, அவ்வளவுதான். குப்பத்துல இருந்து ஒருத்தர், காலனியில இருந்து ஒருத்தர், அவங்கவங்க அக்கா தங்கச்சிங்கன்னு வந்து உட்கார்ந்துட்டாங்கன்னா, தைரியமா டிரம் அடிங்க.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.