அயிரையின் குடலும் கண்மாய்ச் சேறும்

உசிலம்பட்டி வட்டாரத்துக் கண்மாய்களில் பெரும்பாலானவை வானம் பார்த்தவை என்பதால், 1895இல் பெரியாற்று நீர் வைகைக்குத் திருப்பப்பட்டு மதுரை, மேலூர்ப் பக்கத்து வயல்கள் செழித்த பின்னரும், இங்கு ஐப்பசி, கார்த்திகை மழையே நெல்லையும் மீனையும் தீர்மானித்து வந்தது. கோடையில் நீர் வற்றியதும் ஊரே ஊத்தா, கச்சா ஆகிய மீன்பிடி கருவிகளோடு சேற்றில் இறங்கிப் பிடித்த விரால், கெளுத்தி, கெண்டை, அயிரை ஆகிய நாட்டு மீன்கள் ஒரே கண்மாயில் வளர்ந்தவையாயினும், அவற்றின் வயிறுகள் ஒன்றுபோல் இருந்ததில்லை.

பிற மீன்களை விழுங்கும் விராலுக்கு விரிந்துகொடுக்கும் இரைப்பையும், அதன் முடிவில் முனை மூடிய இரண்டு சிறு குடற்பைகளும், அவற்றையடுத்துக் குட்டையான குடலும் உள்ளன. இறைச்சி விரைவில் செரிப்பதால் நீண்ட குடல் அதற்குத் தேவைப்படவில்லை. கெண்டைக் குடும்பத்துக்கோ இரைப்பையே கிடையாது. வாயில் பல் இல்லாத இம்மீன்கள், தொண்டைக்குள் அமைந்த பற்களால் இரையை அரைத்து நேரே குடலுக்கு அனுப்புகின்றன. தாவர உணவு மிகுந்த இனங்களில் அக்குடல் உடலைப் போலப் பன்மடங்கு நீண்டு, சுருள் சுருளாக மடிந்து கிடக்கிறது. சென்னை மாகாணப் படையில் மருத்துவராகப் பணியாற்றிய பிரான்சிஸ் டே, 1875 முதல் வெளியிட்ட இந்திய மீன்கள் பற்றிய பெருநூலில் இனங்களைப் பிரித்தறியத் தொண்டைப் பற்களையும் குடற்பைகளையும் அடையாளமாகக் கொண்டார்.

அயிரையின் குடலை முதலில் கணக்கில் கொண்டது ஆய்வுக்கூடம் அன்று, அடுப்படிதான் எனலாம். விரலளவே உள்ள இம்மீனைக் கீறிக் குடலெடுக்க வழியில்லை. அடிச்சேற்றை வாயில் அள்ளிச் சலித்துத் தின்பதால் அப்படியே குழம்பில் இட்டால் மணல் நறநறக்கும். ஆகவே உயிருள்ள அயிரையைப் பாலிலோ தேங்காய்ப்பாலிலோ விட்டு மண்ணைக் கக்கச் செய்து, பின்னர் உரசும் சட்டியில் கல்லுப்பிட்டு வழவழப்புப் போகத் தேய்த்துக் கழுவும் வழக்கம் மதுரைச் சீமையில் நிலைத்தது. பால் மணம் சேர்க்கலாம். மண்ணை வெளியேற்றுவதற்குத் தெளிந்த நீரும் சற்றுப் பொறுமையுமே போதும்.

வைகை அணை திறக்கப்பட்ட 1959ஆம் ஆண்டிலேயே, சீனத்துப் புல்கெண்டையும் வெள்ளிக்கெண்டையும் இந்தியாவுக்கு வந்தன. மேல்மட்டத்து நுண்ணுயிர்களைத் தின்னும் கட்லா, நடுநீரில் மேயும் ரோகு, அடிமட்ட மக்கை உண்ணும் மிர்கால் ஆகியவற்றோடு இவற்றைச் சேர்த்து வளர்க்கும் கூட்டுமீன் வளர்ப்பு, உண்மையில் குடல்களைப் பங்கிட்டு அமர்த்தும் ஏற்பாடாகும். புல் தின்னும் மீனாயினும் குடல் அத்துணை நீளமில்லாத புல்கெண்டை, உண்டதில் பெரும்பகுதியைச் செரிக்காமலே கழிக்க, அந்தக் கழிவே குளத்துக்கு உரமாகிப் பிற மீன்களுக்கு இரையை வளர்க்கிறது. குஞ்சுகளை விழுங்கும் விரால் இந்த ஏற்பாட்டில் பகையாகிவிட, குஞ்சு விடும் முன் இலுப்பைப் புண்ணாக்கிட்டு அதனை ஒழிக்கும் முறையும் பண்ணைக் குளங்களில் பரவியது.

கண்மாய்களில் மீன் வளர்த்துப் பிடிக்கும் உரிமையான மீன்பாசிக் குத்தகை எடுத்தோரும் கட்லா, ரோகுக் குஞ்சுகளையே நாடினர். அயிரையை வளர்க்க முனைந்தோர் அரியர். எனினும் கட்லா பனிக்கட்டியில் கிடக்கும் சந்தையில், அதனினும் மிகக் கூடுதலான விலைக்கு, அயிரை இன்றும் தண்ணீர்ப் பாத்திரத்தில் உயிரோடு விற்கப்படுகிறது. செத்த அயிரை மண் கக்காது.