பூங்காவின் இரண்டு ஓரங்கள்

கொழும்பு விகாரமகாதேவி பூங்காவுக்கு எங்கட வீட்டில் இன்றைக்கும் 'விக்டோரியா பார்க்' என்றுதான் பெயர். பெருநாளைக்குப் பிள்ளைகளை ஊஞ்சலில் விட்டுவிட்டு, பெரியவர்கள் மரநிழலில் பாய் விரித்துக் கதைத்துக்கொண்டிருப்பார்கள். அண்மையில் போனபோது பூங்காவைவிட அதன் இரு ஓரங்களே என்னை நிறுத்திவைத்தன.

இது கறுவாத்தோட்டம். ஒல்லாந்தர் 1769இல் மருதானையில் கறுவாவைப் பயிரிட்டனர். அதற்கு முன்பு காட்டுக் கறுவாவிலிருந்தே பட்டை உரிக்கப்பட்டது. 1833இல் ஆங்கிலேயர் கறுவா ஏகபோகத்தைக் கைவிட்ட பிறகு, தோட்டம் மெல்ல மெல்ல மாளிகைகளுக்கு இடம்விட்டது. சார்ள்ஸ் ஹென்றி டி சொய்சா கொடுத்த நிலத்தில் பூங்கா அமைந்தது. இரண்டாம் உலகப்போரில் படையினர் இங்கே முகாமிட்டார்கள். 1951இல்தான் மீண்டும் பொதுமக்களுக்குத் திறந்தது. 1958இல் விக்டோரியா போய், துட்டகைமுனுவின் தாய் பெயரானார். அது இனக்கலவரம் நடந்த ஆண்டு என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

வடக்கே, நகர மண்டபத்தைத் தாண்டினால் தெவட்டகஹ பள்ளிவாசல். பெயரே ஒரு மரத்தின் பெயர், சிங்களப் பெயர். எண்ணெய் விற்றுவந்த சிங்களப் பெண்ணொருத்தி வேரில் தடுக்கிப் பானையை உடைத்தாள், 'அழாதே' என்றொரு குரல் கேட்டது, நிலத்திலிருந்து எண்ணெய் ஊறியது என்பது 1820ஐ ஒட்டிச் சொல்லப்படும் மரபு. கராமத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் விஷயம். நான் கவனிப்பது வேறு: நம்மட ஸியாரத்தின் முதல் சாட்சி ஒரு சிங்களப் பெண். அவளை விட்டுவிட்டு இந்தக் கதையை யாராலும் சொல்ல முடியாது.

தெற்கே நூதனசாலை. 1877 ஜனவரி 1இல் திறக்கப்பட்டது. வரைந்தவர் ஜேம்ஸ் ஸ்மிதர், கட்டியவர் வாப்பிச்சி மரிக்கார். புத்தர் சிலைகளும் சிவன் சிலைகளும் நிற்கும் அந்த வெள்ளை மாளிகை ஒரு முஸ்லிம் ஒப்பந்தகாரரின் வேலை. "என்ன வேணும்?" என்று ஆளுநர் கிரகரி கேட்க, "வெள்ளிக்கிழமை மூடுங்க, அது போதும்" என்றாராம். நெடுங்காலம் அப்படித்தான் மூடியும் கிடந்தது.

இந்தக் கதை நமக்கு மெத்தப் பிடிக்கும். பிடித்ததாலேயே அதோடு நின்றுவிடுகிறோம். 1892இல் மருதானையில் ஸாஹிறா உருவானபோது சித்திலெப்பையோடு நின்றவர் அவர். கோட்டையின் பொதுத் தபாலகமும் அவர் கட்டியதே. அவருடைய கொத்தனார்கள் யார், தச்சர்கள் எந்த ஊரார், கூலி என்ன? வெள்ளிக்கிழமைக் கதை இதில் எதையும் சொல்வதில்லை.

பூங்காவுக்கும் நூதனசாலைக்கும் இடையிலுள்ள வீதியில் 1993 முதல் 'கலா பொல' ஓவியச் சந்தை கூடுகிறது. வீதியோரத்தில் ஓவியர்கள் தங்கள் பெயரோடு உட்கார்ந்திருப்பார்கள். எதிரே நிற்கும் கட்டடத்தின் கொத்தனார்களுக்கு அந்தப் பெயராவது மிஞ்சவில்லை. மருதானை, புதுக்கடைப் பழைய வீடுகளின் அலுமாரிகளில் ஒப்பந்தக் கடதாசிகளோ கணக்குக் கொப்பிகளோ கிடந்தால், கறையான் தின்னுமுன் ஒருமுறை திறந்து பாருங்கள்.