சிறுவர் அரங்கில் பிறந்த இசை



சிறு குழந்தையை உயர்ந்த இசைக் கச்சேரிக்கு அழைத்துச் சென்றவர்கள் அனைவருக்கும் ஓர் அனுபவம் உண்டு. முதற் கால்மணி நேரம் குழந்தை வியப்போடு பார்க்கும், பின்னர் நெளியும், அதன்பின் தாயின் மடியில் உறங்கிவிடும். 'இது பெரியவர்களுக்கே உரியது' என்று நாமும் முடிவு கட்டிவிடுகிறோம். குறை குழந்தையின் செவியில் உள்ளதா, அன்றி நாம் இசையை அறிமுகம் செய்த முறையில் உள்ளதா? இவ்வினாவுக்கு மாஸ்கோ நகரில் ஒரு பெண்மணி கண்ட விடையின் வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

அவர் பெயர் நதாலியா சாத்ஸ். 1903-ஆம் ஆண்டில் பிறந்தவர். அவருடைய தந்தை இலியா சாத்ஸ், மாஸ்கோ கலை அரங்கம் 1908-இல் மேடையேற்றிய 'நீலப் பறவை' என்ற நாடகத்துக்கு இசையமைத்தவர். மகளுக்கு ஒன்பது வயது நிரம்பியிருந்தபோது அவர் மறைந்தார். 1918-இல், பதினைந்து வயதுகூட முழுமையாக நிரம்பாத பருவத்தில், நகரத்துச் சிறுவர்களுக்கான கலைப் பணியில் நதாலியா பொறுப்பேற்றார். 1921-இல் சிறுவர்களுக்கென்றே நாடக அரங்கு ஒன்றை அமைத்தார்.

அந்த அரங்குக்குத் தம் இரு மைந்தருடன் வந்தவர்களுள் ஒருவர் செர்கேய் புரோக்கோபியெவ். பல ஆண்டுகள் அயல்நாடுகளில் வாழ்ந்து புகழ் ஈட்டிய இசைமேதை அவர். பல்லியக் குழுவின் கருவிகளைச் சிறுவர் தாமே இனங்கண்டு கொள்ளும்படி ஒரு படைப்பு வேண்டும் என்று 1936-இல் சாத்ஸ் அவரைக் கேட்டார். முதலில் வேறொருவர் அதற்குச் செய்யுள் வடிவில் கதை எழுதிக் கொடுத்தார். எதுகையும் மோனையும் இசையை மறைத்துவிடும் என்று கருதிய புரோக்கோபியெவ் அதனை ஒதுக்கிவிட்டு, எளிய உரைநடையில் தாமே கதையை எழுதினார். அதுவே 'பீட்டரும் ஓநாயும்'.

அதன் அமைப்பைப் பாருங்கள். கதையில் வரும் ஒவ்வோர் உயிருக்கும் ஒரு கருவி. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு மெட்டு. பறவைக்குப் புல்லாங்குழல். வாத்துக்கு ஓபோ, அது நம் நாகசுரத்தைப் போலவே சீவாளி வைத்து ஊதப்படும் கருவி. பூனைக்கு, நம் கச்சேரி மேடைக்கும் வந்து சேர்ந்துவிட்ட கிளாரினெட். முணுமுணுக்கும் பாட்டனாருக்குக் கனத்த குரலுடைய பசூன். ஓநாய்க்கு மூன்று கொம்புகள். வேடர்களின் துப்பாக்கி வெடிக்குப் பெருமுரசங்கள். சிறுவன் பீட்டருக்கு வயலின் முதலிய நரம்புக் கருவிகள். கதை தொடங்குமுன் ஒவ்வொரு கருவியையும் சிறுவர்க்குக் காட்டி, அதன் மெட்டை வாசித்துக் காட்டுவது விரும்பத்தக்கது என்று ஆசிரியரே குறித்து வைத்தார்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. ஓநாய் வாத்தை உயிரோடு விழுங்கிவிடுகிறது. கதையின் இறுதியில், ஓநாயைப் பிடித்து ஊர்வலமாகக் கொண்டு செல்லும்போது, ஓபோவின் மெட்டு மெல்ல எழுகிறது. வாத்து வயிற்றுக்குள் இன்னும் உயிரோடிருக்கிறது! குழந்தையின் செவி அதனைக் கண்டுகொள்கிறது. அந்த நொடியில் அக்குழந்தை வெறும் பார்வையாளன் அல்லன். இசை கேட்கத் தெரிந்தவன். இருபத்தைந்து நிமிடத்துக்குள் நிகழும் கல்வி இது.

1936 மே 2-ஆம் நாள் மாஸ்கோவில் இது முதன்முதல் இசைக்கப்பட்டது. பெரிய வரவேற்பு ஏதும் இல்லை. கூட்டமும் குறைவு என்று ஆசிரியரே வருந்தினார். ஆயினும் சில நாட்களில் சாத்ஸின் அரங்கில், சாத்ஸே கதை சொல்லச் சிறுவர் முன்னிலையில் அது நடந்தது. 1938-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஒலித்தது. 1939-இல் அந்நகரத்துப் பல்லியக் குழு அதனை இசைத்தட்டில் பதிவு செய்தது.

ஆனால், அந்த இசை கடல் கடந்து பரவிய நாட்களில் அதனைக் கேட்டு வாங்கிய பெண்மணி எங்கே இருந்தார்? 1937-இல் அவர் கைது செய்யப்பட்டிருந்தார். ஸ்டாலின் ஆட்சியில் அமைச்சராயிருந்த அவர் கணவர் துரோகி என்று பழி சுமத்தப்பட்டு, 1938-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்கு மனைவி என்பதே நதாலியாவின் குற்றம். ஐந்தாண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது. விடுதலைக்குப் பின்னும் மாஸ்கோவில் வாழ இடமில்லை. நெடுந்தொலைவில் கஜகஸ்தானத்து அல்மா அட்டா நகருக்குச் சென்று, அங்கும் சிறுவருக்கு ஓர் அரங்கையே நிறுவினார். புரோக்கோபியெவ் 1953 மார்ச் 5 அன்று, ஸ்டாலின் இறந்த அதே நாளில், காலமானார். அதன்பின் தலைநகருக்குத் திரும்பிய சாத்ஸ், 1965-இல் சிறுவருக்கான இசை நாடக அரங்கைத் திறந்தார். அப்போது அவருக்கு வயது 62. அந்த அரங்கின் சின்னமாக அவர் தேர்ந்துகொண்டது, தந்தையின் நீலப் பறவை. 1993-இல் அவர் மறைந்தார். அவருடைய அரங்கு இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இவ்வரலாற்றை எண்ணும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். புரோக்கோபியெவ் குழந்தைகளுக்காக இசையின் தரத்தைத் தாழ்த்தவில்லை. குழந்தைகள் ஏறுவதற்குப் படிகளை மட்டுமே அமைத்தார். நதாலியாவோ, தம் வாழ்வு சிதைந்தபோதும் அந்தப் படிகளைச் சிதைய விடவில்லை. உங்களில் சிலர் நாளை ஆசிரியராவீர்கள்; பலர் பெற்றோராவீர்கள். ஒரு குழந்தை கச்சேரியில் உறங்கிவிட்டால், அதனைக் கடிந்துகொள்ளாதீர்கள். அதற்கு நாம் முதலில் ஒரு கதை சொன்னோமா, ஒரு கருவியையேனும் அருகில் காட்டினோமா என்று எண்ணிப் பாருங்கள்.